ஒன்பதாவது வளைவில் ஒரு தூளி

ஊமத்தங்கொல்லையிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் பாதையில் பதினான்கு வளைவுகள் உண்டு. அதில் ஒன்பதாவது வளைவில், இடப்பக்கம் பாறையும் வலப்பக்கம் பள்ளமுமாக ஒரே ஒரு தூளி போகிற அகலமே இருக்கிற இடத்தில், ஒரு கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மழை விட்டும் விடாமலும் இருந்த முற்பகலில், பிள்ளைவலி கண்ட பூங்காவனத்தை ஆஸ்பத்திரிக்குச் சுமந்து வந்த தூளி, மூங்கில் உருவிக்கொண்டு விழுந்த பிறகும் கீழே இறங்காமல், ஆளின் நெஞ்சு உயரத்தில் அப்படியே அந்தரத்தில் நின்றுகொண்டது. சுமந்து வந்த நால்வரும் தோள் மாற்றுவதற்காக நின்றவர்கள். மூங்கில் மழையில் வழுக்கிக் கயிற்று வளையங்களை விட்டு வெளியே வந்து பாறையில் விழுந்தது, வளையங்கள் மட்டும் இன்னும் மூங்கில் உள்ளே இருப்பதாக நினைத்துக்கொண்டு வட்டம் குலையாமல் நின்றன. முன் தோள் கொடுத்த வேடியப்பன் குனிந்து மூங்கிலை எடுத்து மறுபடி வளையங்களுக்குள் சொருகி, நால்வருமாகத் தூக்கிப் பார்த்தார்கள், தள்ளியும் பார்த்தார்கள். தூளி அசையவில்லை. தள்ளித் தள்ளி ஓய்ந்த பிறகு, எல்லோரும் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள்.

அந்தத் தூளியைக் கட்டியவன் அவள் புருஷன் தீர்த்தகிரி. ஊரில் யாருக்குப் பாம்பு கடித்தாலும், காய்ச்சல் கண்டு பிதற்றினாலும், பிள்ளைவலி இரண்டாம் நாளைத் தாண்டினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ரோடு இல்லாத ஊரில் ரோடு என்பது ஒரு மூங்கிலும் ஒரு துணியும் இரண்டு முடிச்சுகளும்தான். பதினொரு கிலோமீட்டர் இறக்கத்தில் எது எவ்வளவு கனக்கும் என்பது அவன் கணக்கு: கம்பளி உலர்ந்தால் இரண்டு கிலோ, நனைந்தால் ஐந்து, கற்றாழை நார்க் கயிறு மழையைக் குடித்துக் குடித்துத் தானும் ஓர் ஆளாகிவிடும், பழைய பருத்திச் சேலை லேசுதான், ஆனால் கனத்த உடம்பைத் தாங்காமல் ஏழாவது வளைவில் கிழியும். நோயாளி எந்த எடையோ அந்த எடையை ஒன்றும் செய்ய முடியாது, மற்ற எடையையெல்லாம் குறைக்கலாம் என்று அவன் சொல்வான், சொன்னபடியே குறைப்பான், அதனால் அவன் கட்டிய தூளி என்றால் சுமக்கிறவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

முடிச்சில் மட்டும் அவன் கணக்கு செல்லாது, அது ஊர் வழக்கம். உயிரோடு இறங்குகிறவர்களுக்கு உருவு முடிச்சு. வாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமாக அவிழ்ந்துவிடும். ஆஸ்பத்திரியில் செத்துத் திரும்பி ஏறுகிறவர்களுக்குச் சாமுடிச்சு. அதை அவிழ்க்கக் கூடாது, அவிழவும் அவிழாது, இடுகாட்டில் வைத்து அரிவாளால் அறுக்க வேண்டும், அதுவும் கட்டிய கையே அறுக்க வேண்டும். ஊமத்தங்கொல்லையில் சின்னப் பிள்ளைகள்கூட விளையாட்டுக்குச் சாமுடிச்சுப் போடுவதில்லை.

அந்த வருஷம் சித்திரையில் மலையேற வந்த பட்டணத்துப் பிள்ளைகள் சிலர் ஒரு தொங்குபடுக்கையை விட்டுவிட்டுப் போனார்கள். மடித்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற துணி, சுண்டுவிரல் பருமனில் பளபளவென்று ஒரு கயிறு. தீர்த்தகிரி அதை ரேஷன் கடைத் தராசில் வைத்துப் பார்த்தான், அரைக் கிலோகூட இல்லை. தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி வைத்தான், அப்போதும் அதே அரைக் கிலோதான். அன்றைக்கு அவனுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. பூங்காவனத்துக்கு அப்போது இரண்டு மாதம். அந்தத் துணியை வேறு யாருக்கும் எடுக்காமல், பாம்பு கடித்தவனுக்குக்கூட எடுக்காமல், அவளுக்கென்று பரணில் போட்டு வைத்தான்.

வலி கண்ட இரண்டாம் நாள் காலை அதை இறக்கி, மூங்கிலில் கட்டி, ஒரு கல்லை வைத்துத் தூக்கிப் பார்த்தபோது உருவு முடிச்சு நழுவியது. இன்னொரு சுற்றுக் கொடுத்துப் போட்டான், அதுவும் நழுவியது. மூன்றாவது முறை கல் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. நாரில் பிடிக்கிற முடிச்சு அந்த வழவழப்பில் பிடிக்கவில்லை. உள்ளே பூங்காவனம் கத்திக்கொண்டிருந்தாள், வெளியே மழை பிடித்துவிட்டது, கம்பளியை எடுத்தால் ஐந்து கிலோ. அவன் கை தானாகச் சாமுடிச்சைப் போட்டது. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தான், இம்மியும் நகரவில்லை.

அவளை உள்ளே படுக்க வைத்துத் துணியின் இரு கரைகளையும் மழைக்கு மூடிச் சேர்க்கும்போது அவள் முடிச்சைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா முடிச்சி போட்டிருக்கற?"

"எல்லாம் ஒரே முடிச்சிதான். நீ பேசாம படு புள்ள."

தீர்த்தகிரிக்குத் தெரியும், அவளுக்கு முடிச்சு தெரியும் என்று. ஆறு வருஷம் அவனோடு குடித்தனம் செய்தவள், அவன் கட்டுகிற ஒவ்வொரு தூளிக்கும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

ஒன்பதாவது வளைவில் தூளி நின்றதும் ஊர் திரண்டு வந்தது. ஊர்க்கவுண்டர் வந்து பார்த்துவிட்டு, சாமுடிச்சுப் போட்டால் நிற்காமல் என்ன செய்யும் என்று கேட்டார். உயிரோடு இருப்பவளைப் பிணமாகக் கட்டினால் கீழேயும் போக முடியாது, மேலேயும் வர முடியாது, கட்டியவனே அறுக்கட்டும் என்றார். துணியின் வாயைப் பிரிக்கப் பார்த்தார்கள், அது ஒட்டிக்கொண்டிருந்தது. வேடியப்பன் தன் அரிவாளால் கயிற்றை அறுத்துப் பார்த்தான், அரிவாள்தான் மழுங்கியது. அன்று பொழுது சாய்கிற நேரத்தில் துணிக்குள்ளிருந்து பூனைக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, எல்லோருக்கும் கேட்டது. அந்தக் காட்டில் அப்படிக் கத்துகிற குருவி ஒன்று உண்டு என்று தீர்த்தகிரி சொன்னான். உண்டுதான்.

மறுநாள் அடிவாரத்திலிருந்து நர்ஸ் எஸ்தர் மூச்சிரைக்க ஏறி வந்து, வயிற்றில் துடிப்புக் கேட்கிற குழலைத் துணியின்மேல் வைத்துக் காது கொடுத்தாள். துணி உள்ளேயிருந்து ஒரு முறை துடித்தது, குழந்தையின் குதிகால் அளவுக்கு ஒரு புடைப்பு எழுந்து அடங்கியது.

"ஒரு துடிப்பு கேக்குது, தீர்த்தகிரி. அவளோடதா, கொழந்தயோடதான்னு சொல்ல முடியல. நீ உடனே அறுத்துடு. கொழந்தயாவது பொழைக்கும்."

"அறுத்தா அவ செத்தவளா ஆயிடுவா, நர்சம்மா."

"அறுக்கலன்னா?"

"அவுக்கறன். அவுத்துட்டா ஒன்னும் ஆவாது. எனக்கு ரெண்டு நாள் குடுங்க."

அவன் ஒரு மான்கொம்பின் முனையைத் தீட்டிக்கொண்டு வந்து கால்மாட்டு முடிச்சில் உட்கார்ந்தான். வழவழப்பான கயிறு, மழையில் இறுகி, ஓர் உடம்பின் எடையை ஒன்பது வளைவுகள் தாங்கியதில் கல்லாகிவிட்டிருந்தது. நகம் பெயர்ந்தது. கொம்பு முனை உடைந்தது, வேறு தீட்டினான். துணி அன்று ஏழு முறை உதைத்தது, அவன் எண்ணினான். அடுத்த நாள், மூன்றாம் நாள், காலையில் இரண்டு முறை, உச்சி வெயிலில் ஒரு முறை, அதுவும் மெதுவாக. அதன் பிறகு உதைக்கவில்லை. சாயந்திரம் கஞ்சி கொண்டுவந்த அவன் தங்கை சாலாட்சி, "ஒதைச்சுதாண்ணா?" என்று கேட்டாள். அவள் அண்ணியின் கல்யாணச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, எந்த நேரமும் பிள்ளையை வாங்கத் தயாராக வந்திருந்தாள்.

"இப்பத்தான் ஒதைச்சுது," என்றான் தீர்த்தகிரி. "நீ வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி."

அந்த ஒரு பொய் பதினொரு மாதம் ஊரை நடத்தியது. ஊர் என்றால் எதையும் பழகிக்கொள்ளும், அதிலும் ஊமத்தங்கொல்லை கரண்ட் இல்லாததையும் ரோடு இல்லாததையும் பழகிக்கொண்ட ஊர், அந்தரத்தில் ஒரு தூளி இருப்பதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம் போதுமாக இருந்தது. சந்தைக்குப் போகிறவர்கள் மூட்டையை இறக்கி முன்னே தள்ளிவிட்டுத் தூளிக்கு அடியில் குனிந்து போனார்கள், போகும்போது "போயிட்டு வரம்மா பூங்காவனம்" என்று சொல்லிக்கொண்டார்கள். ஆடுகள் அதன் நிழலில் படுத்தன. பிள்ளையில்லாத பெண்கள் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து, துணியின்மேல் உள்ளங்கையை வைத்து உதைப்பதைத் தொட்டுப் பார்த்தார்கள், பாதிப் பேருக்கு உதைத்தது, உதைத்தவர்கள் பாறையோரத்து நாவல் மரத்தில் சின்னச் சின்னத் துணித்தொட்டில்களைக் கட்டிவிட்டுப் போனார்கள். தை பிறப்பதற்குள் அந்த மரத்தில் இலையைவிடத் தொட்டில் அதிகம். தீர்த்தகிரி அவற்றுக்கு நடுவே உட்கார்ந்து, யார் கேட்டாலும் "இப்பத்தான் ஒதைச்சுது" என்று சொல்லிக்கொண்டு, தலை நிமிராமல் முடிச்சை நோண்டிக்கொண்டிருந்தான்.

அரசாங்கமும் பழகிக்கொண்டது. நர்ஸ் எஸ்தர் தன் பதிவேட்டில் பூங்காவனம் பெயருக்கு எதிரே பிரசவம் என்றும் எழுத முடியாமல், மரணம் என்றும் எழுத முடியாமல், "வந்துகொண்டிருக்கிறார்" என்று எழுதினாள்; மாதாமாதம் மேலிடத்துக்கு அதையே எழுதி அனுப்பினாள், மேலிடமும் யாரும் சாகவில்லை என்பதில் திருப்தியாக இருந்தது. மாசியில் தூளியைப் பார்க்க ஒரு பெரிய அதிகாரி முழங்கால் நடுங்க ஏறி வந்தார், இறங்கும்போது இந்த ஊருக்கு ரோடு வேண்டும் என்று அவருக்கே தோன்றிவிட்டது. பங்குனியில் ரோடு போட உத்தரவு வந்தது. சித்திரையில் சர்வேயர் முக்காலியை நட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தார், ரோடு சரியாகத் தூளியின் நடுவில் புகுந்து போனது. பாறையை உடைத்து ஒதுக்கலாமென்றால் மலை சரியும், பள்ளத்தின் பக்கம் இடமில்லை.

"இத அறுத்துட்டா வேலைய ஆரம்பிச்சிடலாம்," என்றார் சர்வேயர்.

"அதெப்படி சார்? பதிவேட்டுல நோயாளி வழியில இருக்காங்க," என்றார் கூட வந்த வி.ஏ.ஓ. "வழியில இருக்கற நோயாளிய அப்புறப்படுத்த எனக்கு அதிகாரம் இல்ல."

ஃபைலை மூடி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

குனிந்து போக முடிந்தவர்களுக்குத் தூளி ஓர் இடைஞ்சலே இல்லை. படுத்துப் போகிறவர்களுக்குத்தான் இடைஞ்சல். மூங்கிலில் தொங்குகிற நோயாளி அந்தத் தூளிக்கு அடியில் நுழைய முடியாது. அவிழ்த்து இறக்கி, சாக்கில் கிடத்தி, பாறைமேல் இழுத்து, அந்தப் பக்கம் போய் மறுபடி கட்ட வேண்டும். வைகாசியில் பொம்மனைக் கட்டுவிரியன் கடித்தபோது அப்படித்தான் இழுத்தார்கள், இழுத்த இழுப்பில் முக்கால் மணி நேரம் போனது, பத்தாவது வளைவில் அவன் வாயில் நுரை தள்ளியது. அவனைத் திருப்பிக் கொண்டுவரச் சாமுடிச்சுப் போட்டதும் தீர்த்தகிரிதான். பொம்மன் பெண்டாட்டி மாதம்மாள் அவனைத் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவுமில்லை.

"உன் பொண்டாட்டி இன்னும் வந்துகிட்டே இருக்கா," என்று மட்டும் சொன்னாள். "என் புருசன் போய்ச் சேந்துட்டான்."

ஆனாலும் மறுநாள் விடிந்ததும் அவன் கொம்பை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போனான். கால்மாட்டு முடிச்சு ஆனியில் அவிழ்ந்தது. அவிழ்ந்த பிறகும் தூளியின் கால்பக்கம் தாழவில்லை. தலைமாட்டு முடிச்சில் சுற்றுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, ஐப்பசி பிறந்தபோது ஒரே ஒரு சுற்றுதான் மிச்சம். ஒரு சுற்று அவிழ்ந்தால் பூங்காவனம் செத்தவள் இல்லை. அவள் எழுந்து உட்கார்ந்து என்ன கேட்பாள், தான் என்ன பதில் சொல்வது என்பதைக்கூட அவன் யோசித்து வைத்திருந்தான். பிள்ளையைப் பற்றி அவள் கேட்டால் என்ன சொல்வது என்பதை மட்டும் யோசிக்கவில்லை, யோசிக்கப் போனால் விரல் நின்றுவிடும்.

ஐப்பசி மாதம் மூன்றாவது வாரம், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், மேலே எட்டாவது வளைவில் கூச்சல் கேட்டது. வருவது சாலாட்சி என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது, வேடியப்பனின் குரலை வைத்து. வேடியப்பன் அவள் புருஷன். அவளுக்குப் பிள்ளை பிறக்க நாள் இன்னும் இருபது இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள், தூளி கட்டுகிறவன் வளைவில் உட்கார்ந்திருக்கிறான், அதனால் கையில் கிடைத்த கம்பளியையும் நார்க் கயிற்றையும் வைத்து அவர்களே கட்டி எடுத்து வந்திருந்தார்கள், அது நனைந்து, சுமக்கிற நால்வரும் இடுப்பொடிந்து வந்தார்கள். கூடவே அன்றைக்கு ஊசி போட ஊருக்கு வந்திருந்த நர்ஸ் எஸ்தரும் செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

"மச்சான், அறு!" என்றான் வேடியப்பன்.

"எறக்கி இழுத்துக்கலாம், மாப்ள. நான் புடிக்கறன்."

"எறக்கக் கூடாது," என்றாள் எஸ்தர். "புள்ளைக்குக் கை வெளிய வந்துடுச்சி. இப்ப அவள இழுத்தா ரெண்டு பேரும் போயிடுவாங்க. ஆம்புலன்ஸ் கீழ நிக்குது. அறு."

"ஒரே ஒரு சுத்துதான் இருக்குது நர்சம்மா. உச்சிக்குள்ள அவுந்துடும். பதினோரு மாசம்…"

அவனுக்கு அழுகை வந்தது, வந்ததை மறைக்கவில்லை. கொம்பு முனையைச் சுற்றுக்குள் செருகித் திருகினான், ஈரத்தில் அது வழுக்கி அவன் உள்ளங்கையில் ஏறியது. கம்பளிக்குள் சாலாட்சி கத்துவதை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினாள்.

"அண்ணா."

"சொல்லும்மா."

"அண்ணி வயித்துல ஒதைக்குதுன்னியே, அது நெசந்தானா?"

மழைச் சத்தத்தில் அவள் குரல் சின்னதாக இருந்தாலும் நால்வருக்கும் கேட்டது, எஸ்தருக்கும் கேட்டது. தீர்த்தகிரி தூளியைப் பார்த்தான், நாவல் மரத்தில் நனைந்து தொங்குகிற தொட்டில்களைப் பார்த்தான்.

"இல்ல சாலா," என்றான். "மூனாம் நாளே நின்னுடுச்சி."

எஸ்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேடியப்பன் இடுப்பிலிருந்த அரிவாளை உருவி நீட்டினான், பதினொரு மாதத்துக்கு முன்னால் மழுங்கிய அதே அரிவாள், தீட்டியிருந்தான். தீர்த்தகிரி இடது கையைத் தூளிக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, வலது கையால் மிச்சமிருந்த ஒரே சுற்றை அறுத்தான். வாழை நாரை அறுக்கிற மாதிரி அறுந்தது. அறுந்ததும் பூங்காவனத்தின் முழு எடையும் ஒரே சமயத்தில் அவன் கையில் இறங்கியது, அவன் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான், அவளோடு பாறைப் பக்கமாக ஒட்டிச் சாய்ந்து வழி விட்டான். நனைந்த கம்பளி அவன் தலையை உரசிக்கொண்டு கடந்து போனது. பத்தாவது வளைவில் வேடியப்பன் "பிடி, பிடி" என்று அதட்டுவது கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை.

துணியின் வாய் இப்போது தொட்டதும் பிரிந்தது. உள்ளே பூங்காவனம் அன்றைக்கு ஏற்றிப் படுக்க வைத்த ஈரத்தோடு, நெற்றியில் வைத்த குங்குமம்கூடக் கலையாமல், ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் வயிறு தட்டையாக இருந்தது. மார்போடு சேர்த்து, முந்தானையில் சுற்றி, அவளைப்போலவே மூச்சில்லாமல் ஒரு பெண் குழந்தை. பெற்றுத்தான் இருக்கிறாள், அந்த முதல் நாளே, அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, யாரும் கை கொடுக்காமல். தொப்புள்கொடியைப் பல்லால் கடித்து அறுத்திருந்தாள். முந்தானை ஓரத்திலிருந்து பருத்தி நூலை உருவி அதைக் கட்டியுமிருந்தாள். தீர்த்தகிரி குனிந்து பார்த்தான். உருவு முடிச்சு. வாலை நீளமாக, பிடித்து இழுக்க வசதியாக வெளியே விட்டு, அவன் கட்டுகிற அதே மாதிரி. பருத்தியில் அது நழுவவில்லை. குழந்தையின் குதிகால் உதைத்து உதைத்துச் சிவந்திருந்தது.

சாயந்திரம் சுமந்தவர்களில் ஒருவன் ஏறி வந்து, சாலாட்சியும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள் என்று சொன்னான். ஊர் அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டே இடுகாட்டில் நின்றது. நர்ஸ் எஸ்தர் பதிவேட்டில் "வந்துகொண்டிருக்கிறார்" என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் மரணம் இரண்டு என்று எழுதினாள். ரோடு ஃபைலை மறுபடி திறந்திருக்கிறார்களாம், திறந்தபடியே இருக்கிறது.

தீர்த்தகிரி பெரிய துணியைச் சாமுடிச்சுப் போட்டுக் கட்டி, குழிக்கருகே வைத்து, தன் கையாலேயே அறுத்தான். சின்னத் துணியை எடுத்தபோது ஊர்க்கவுண்டர் என்ன முடிச்சு போடப் போகிறாய் என்று கேட்க வாயெடுத்தவர், அவன் விரல்களைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டார். அவன் அதற்கு உருவு முடிச்சுப் போட்டான். குழியை மூடியபோது முடிச்சின் வாலை மட்டும் உள்ளே விடாமல், ஒரு சாண் நீளத்துக்கு மண்ணுக்கு வெளியே விட்டு மூடினான். ஆடு மேய்க்கிறவர்கள் அந்தப் பக்கம் ஆட்டை விடுவதில்லை. அவன் மட்டும் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும், அது அவனுக்குத் தெரியும், இதுவரை இழுக்கவில்லை.